பாதியில் நின்ற பேரிங்

பீஜியில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேருவார், அதுவும் சிரித்துக்கொண்டே. சென்னையை விட்டு இங்கே வந்து பாதி ஆயுள் ஆன பிறகும், நான் மட்டும் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ப் பூட்டிய கதவின் முன் நின்று கொசு அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நாண்டி விமான நிலையத்தை ஒட்டி நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரேயொரு காரியத்துக்கு இந்த நாட்டு ஆட்களும் காற்றாய்ப் பறப்பார்கள். எஞ்சின் தண்டில் பேரிங் ஏற்றும் வேலை அது. பேரிங்கின் உள்வளையம் தண்டைவிட மயிரிழை சிறியது. சூடாக்கினால் விரியும். விரிந்திருக்கும் அந்தச் சில கணங்களுக்குள் அதைத் தண்டில் நழுவவிட்டு, கடைசிவரை தள்ளி, ஆறி இறுகும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் தயங்கினால் அது போகிற வழியிலேயே கவ்விக்கொள்ளும்.

நான் இந்த வித்தையை முதலில் பார்த்தது பூந்தமல்லி சாலையில், என் மாமாவின் லாரி பட்டறையில். அங்கே தெர்மாமீட்டர் என்பது மாமாவின் எச்சில். பேரிங்கின் மேல் துப்புவார். ‘சொய்ங்’ என்றால் பதம். நேராகக் கேஸ் தீயைக் காட்டுவார்கள், இரும்புக் குழாயை வைத்துச் சுத்தியலால் சாத்துவார்கள், ஆளுக்கொரு கெட்ட வார்த்தை சொல்வார்கள், வண்டியும் எப்படியோ திருச்சி போய்ச் சேரும். விமானப் பராமரிப்பு படித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகும் என் கைக்குள் அந்த லாரிதான் ஓடிக்கொண்டிருந்தது. நாண்டியில் எல்லாம் தலைகீழ். சுத்தமான எண்ணெய்த் தொட்டி. அதில் பேரிங் அடியைத் தொடாமல் கம்பியில் தொங்கும், ஏனென்றால் அடித்தகட்டின் சூடு வேறு, எண்ணெயின் சூடு வேறு. தெர்மாமீட்டர் முள் கொதிநீரின் சூட்டைக் கொஞ்சம் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். அதற்கும் மேலே போனால் எஃகின் திடம் போய்விடும், ஆனால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். லாரி நின்றால் ஓரங்கட்டலாம், கடலுக்கு மேலே எங்கே ஓரங்கட்டுவது?

எங்கள் மேஸ்திரி சேரு. பீஜியின் பூர்வகுடி, கதவை அடைக்கும் உடம்பு, பூனை நடை. அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பேரிங் எண்ணெயில் இருக்கும்போது, ஏற்றப்போகிறவன் வெறுங்கையோடு தொட்டியிலிருந்து தண்டுவரை நடந்து, இல்லாத பேரிங்கை இருப்பது மாதிரியே ஏற்றிக் காட்ட வேண்டும். முதல் தடவை பார்த்தபோது மனிதருக்குச் சாமி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அது ஒத்திகை என்று என் கூட்டாளி தோர்சாமிதான் விளக்கினான். துரைசாமி என்ற பெயர் எந்தக் கூலிக் கப்பல் குமாஸ்தாவின் காதிலோ புகுந்து தோர்சாமியாகி, அவன் தாத்தாவிலிருந்து அவன்வரை வந்திருந்தது. சபேட்டோவில் கரும்பு போடுகிற குடும்பம். வீட்டில் இந்தி, கோயிலில் தமிழ், பட்டறையில் இங்கிலீஷ். என்னிடம் மூன்றும் கலந்த ஒன்று.

எண்பத்தேழாம் வருடம் மே மாதம் ஒரு வியாழக்கிழமை, ஏற்றும் முறை என்னுடையது. வெறுங்கை நடையெல்லாம் அழகாக முடித்துக் கையுறையோடு பேரிங்கைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கத்தினார்கள்: “சூவாவில் பட்டாளம் பார்லிமென்ட்டுக்குள் புகுந்துவிட்டது!”

சேரு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஹாட் பேரிங்,” என்றார், பார்லிமென்ட் காத்திருக்கட்டும் என்பதுபோல. நான் நின்றுவிட்டேன். பேரிங்கைக் குழந்தைபோல் நெஞ்சோடு ஏந்திக்கொண்டு, “நம்ம பக்கம் எப்ப வருவாங்க?” என்று கேட்டேன். பிறகு ஓடினேன், தள்ளினேன். பாதித் தண்டில் நின்றுகொண்டது. கை தானாகச் சுத்தியலைத் தேடியது.

“அரே, கையெ எடு அண்ணே!” என்றான் தோர்சாமி. “தேங்காயா இது, அடிச்சு ஒடைக்க?”

இழுவைக் கருவியால் அதைப் பிடுங்கினோம். பிடுங்கிய பேரிங்கை மறுபடி ஏற்றக்கூடாது. உள்ளே குண்டுகள் அழுந்தியிருக்கும். கையிருப்பில் இருந்தது அது ஒன்றுதான். சேரு என்னைத் திட்டவில்லை. அந்தப் பேரிங்கை என் மேஜைமேல் வைத்து, “பேப்பர் பறக்காமல் இருக்கும்,” என்றார்.

சாயங்காலம் சபேட்டோ திருப்பத்தில் சிப்பாய்கள் காரை நிறுத்தினார்கள். அப்போதுதான் கவனித்தேன், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளில் கையுறை இன்னும் இருந்தது. “எதற்கு?” என்றான் ஒருவன், துப்பாக்கியைவிட இளையவன். “பேரிங் சூடு,” என்றேன். அவன் காரின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். “சூடில்லையே?” “இந்த பேரிங் இல்லை, விமானத்துப் பேரிங்.” டிக்கியைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. நாட்டின் முதல் ராணுவப் புரட்சியில் என் பங்கு அவ்வளவுதான்.

தோர்சாமியின் வீட்டில் அப்படிச் சிரிக்க முடியவில்லை. பட்டாளம் கவிழ்த்தது இந்தியர்கள் ஆதரித்த அரசாங்கத்தை; இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பயந்துபோய் நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. அவன் மச்சான் பிரிஸ்பேனிலிருந்து தினமும் போன் போட்டான். மனைவி பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டாள். இவன் மட்டும் பிடிகொடுக்காமல், “இந்த எஞ்சினெ மூடிட்டுச் சொல்றேன்,” என்றான். எஞ்சினை மூட பேரிங் வேண்டும். நாடு கலங்கிக் கிடந்ததில் வரவேண்டிய சாமான்கள் எல்லாம் தள்ளிக்கொண்டே போயின. ஆக, என் தயக்கம் அவனுக்குச் சில வாரங்களை வாங்கிக் கொடுத்தது. அந்த வாரங்களைப்போல் நான் எதையும் அனுபவித்ததில்லை. வேலை முடிந்ததும் சேரு மரக்கிண்ணத்தில் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைப்பார். சேறு மாதிரி இருக்கும், நாக்கு மரத்துப்போகும். மூவரும் திறந்த எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். ஒருநாள் சேரு தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தோர்சாமி, பட்டாளத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. நீ என் பக்கத்து வீடு.” தோர்சாமி, “தெரியும் பையா,” என்று இந்தியில் அண்ணன் முறை வைத்துச் சொன்னான்.

புதிய பேரிங் வந்தபோது முறை மறுபடி என்னுடையதுதான். தோர்சாமி கையுறைக்குக் கை நீட்டினான்.

“நான் ஏத்தறேன்டா,” என்றேன்.

“நீ ஏத்த மாட்டே அண்ணே. மறுபடி நடுவுலெ நிப்பே. ஒன் மூஞ்சியெப் பாத்தாலே தெரியுது.”

உண்மையைச் சொல்கிறேன், நான் நின்றிருப்பேன். அவன் வெறுங்கையோடு ஒருமுறை நடந்தான். பிறகு எடுத்தான், ஏற்றினான், ஒரே மூச்சில் கடைசிவரை போய் உட்கார்ந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஆறிய பிறகும் கையை எடுக்கவில்லை. சேருதான் அவன் தோளைத் தட்டி, “போதும், பிடித்துக்கொண்டது,” என்றார். அந்த மழைக்காலத்துக்குள் அவர்கள் பிரிஸ்பேனில் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு ஓடிவிடுவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த நான், அவர்கள் விட்டுப்போன தெருவிலேயே வீடு வாங்கினேன். சேரு இறந்தபோது அவர் குடும்பத்தாரோடு பாயில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் தோர்சாமி வந்தான். தனியாக, ஹோட்டலில் அறை போட்டுக்கொண்டு. அழைத்துவரப் போயிருந்தேன். விமான நிலையத்தில் பூச்சட்டைக்காரர்கள் கிதார் வாசித்துப் பாட, ஓர் இளம்பெண் அவன் கழுத்தில் சிப்பி மாலை போட்டாள். “புலா சார்! பீஜிக்கு முதல் தடவையா?” என்று வரவேற்றாள் இங்கிலீஷில். அவன் பதில் தேடுவதற்குள் என் பக்கம் திரும்பி, பீஜி இந்தியில், “அங்கிள், மெஹ்மான் ஆயிஸ்?” என்றாள். விருந்தாளி வந்தாச்சா என்று அர்த்தம்.

தோர்சாமி மாலையைத் தடவிப் பார்த்தான். “ஒனக்குப் போடலியே அண்ணே?”

“எனக்கு எதுக்குடா? நான் உள்ளூர்க்காரன்.”

வழக்கமான கிண்டலாகத்தான் சொன்னேன். அவனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். கண்ணாடிக்கு வெளியே சபேட்டோ மலை தெரிந்தது. அதைப் பார்த்தபடியே, கார் எங்கே என்று கேட்டான். மதராஸில் பிறந்தவன் முன்னால் வழி காட்டிக்கொண்டு போக, சபேட்டோவில் பிறந்தவன் சிப்பி மாலையோடு பின்னால் வந்தான்.