மகள் வீட்டு உப்பு

தன் மாமனாரைத் தான்தான் கனடாவுக்கு வரவழைத்ததாக பிராம்ப்டன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான் நிர்வைர் சிங் ஔஜ்லா. உண்மையில் வரவழைத்தது அவன் மனைவி நவ்ரூப். பெற்றவர்களை ஒரே மூச்சில் ஐந்து வருஷம்வரை கூட வைத்துக்கொள்ள விடுகிற அந்த விசாவுக்கு, அழைக்கிற பிள்ளை போதிய வருமானம் காட்ட வேண்டும். நவ்ரூப் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் சம்பளம் ஒன்றே போதுமாக இருந்தது. என்னுடையதையும் சேர்த்துக் காட்டலாமே என்று நிர்வைர் பெருந்தன்மையோடு முன்வந்தபோது, விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்த பெண்மணி அவன் வரிக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள். "வேண்டாம் சர்தார் ஜி. இது இல்லாமலே நல்லா இருக்கு" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவன் பட்டியாலாவில் தத்துவம் எம்.ஏ. படித்தவன். பிராம்ப்டனில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இடப்பக்கம் திரும்புவதற்கு முன் மனிதன் ஏன் தயங்க வேண்டும் என்று மாணவர்களுக்கு விளக்குவான். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். மாணவர்களில் பாதிப் பேர் தேர்வில் தோற்றார்கள். தோல்வியைத் தாங்கும் மனத்தையாவது அவர்களுக்குக் கொடுத்தோம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவர்கள் அந்த மனத்தோடு வேறு ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

வீடு வாங்கியபோதும் இதே கதைதான். பத்திரத்தில் அவன் பெயர் இல்லாமலிருந்தால் எல்லோருக்கும் சௌகரியம் என்றார்கள் கடன் கொடுத்தவர்கள். பற்றில்லாமல் வாழ்வதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான் அவன். ஆனால் பஞ்சாபுக்கு போன் பேசும்போது பற்று வந்துவிடும். "என் வீட்டுல மாடியும் உங்களுக்குத்தான், கீழயும் உங்களுக்குத்தான் பாபு ஜி!" என்பான். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் நவ்ரூப் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த மௌனத்தை அவன் மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

மனைவி போனபின் ஊரில் தனியாக இருந்த மாமனார் ஹஜாரா சிங், செப்டம்பரில் வந்து இறங்கினார். அன்று சாயங்காலம் நவ்ரூப் கடுகுக்கீரை மசித்து, சோள ரொட்டி தட்டி, வெண்ணெயும் வைத்தாள். கிழவர் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், விமானத்தில் சாப்பிட்டாயிற்று என்றார். மறுநாள் காலையிலும் விமானத்தில் சாப்பிட்டிருந்தார். மத்தியானம்தான் விஷயம் வெளியே வந்தது.

"பொண்ணு குடுத்த எடத்துல நான் எப்படிம்மா கை நனைக்கிறது? எங்கப்பா நனைக்கல, எங்க தாத்தா நனைக்கல."

"தண்ணி குடிச்சீங்களே பாபு ஜி" என்றான் நிர்வைர்.

"தண்ணி முனிசிபாலிட்டியோடது மாப்பிள்ளை."

"தூங்குனீங்களே?"

"தூக்கம் நான் ஊர்லேர்ந்து கொண்டு வந்தது."

அன்றிலிருந்து அவர் சீக்கியர் கோயிலான குருத்வாராவில் சாப்பிட்டார். அங்கே யார் போனாலும் தரையில் வரிசையாக உட்காரவைத்து ரொட்டியும் பருப்பும் போடுவார்கள். காலையில் நவ்ரூப் ஓட்டுகிற பேருந்திலேயே ஏறிப் போவார். டிக்கெட் எடுக்காமல் ஏற மாட்டார். "பஸ்ஸு சர்க்காரோடது. அதுல எனக்கு ஒண்ணும் தடையில்ல" என்பார். முன் இருக்கையில் உட்கார்ந்து, மகள் வண்டி திருப்புகிற அழகைப் பார்த்துக்கொண்டே, அவள் சமையலிலிருந்து தப்பித்துப் போவார்.

நிர்வைருக்கு இது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. படித்த படிப்புக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமனாரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, வழக்கம் எப்படிப் பிறக்கிறது, காரணம் செத்தபின் அது எப்படித் தன்பாட்டுக்கு நடமாடுகிறது, சுதந்திரமான மனிதன் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று வெகுநேரம் பேசினான். தன் வாதத்தில் ஓட்டை இருப்பதாக அவனுக்கே தெரியவில்லை. ஹஜாரா சிங் கைகட்டிக் கேட்டார். முடிந்ததும் எழுந்தார்.

"ரொம்ப நல்லா பேசுறீங்க மாப்பிள்ளை. படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார். பிறகு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்.

பிராம்ப்டனில் இந்த மாதிரிச் செய்தி லாரியைவிட வேகமாகப் போகும். டயர் கடையில் பல்கார் சிங் பிடித்துக்கொண்டான். நிர்வைரோடு ஒரே வருஷம் கனடா வந்து, இன்று சொந்தமாக லாரிகள் வைத்திருப்பவன்.

"ஏன்யா, மாமனாரைக் கூட்டிட்டு வந்தியே, அடுப்பையும் கூட்டிட்டு வரச் சொன்னியா?"

"அது ஒரு கொள்கைப் பிரச்சினைடா."

"யாரோட கொள்கை? சோறு போடக் கூடாதுங்கறது உன் கொள்கையா?"

அந்த வாரம் ஒரு மாணவனின் தாய் பயிற்சிக் காரின் பின் இருக்கையில் ஒரு டப்பா பருப்பை வைத்துவிட்டுப் போனாள். "பெரியவருக்கு" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவன் அதை வீட்டுக்குத் தெரியாமல், வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் கடைசியில் ஹஜாரா சிங் மகளிடம், பனி விழுவதற்கு முன் ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னார். எத்தனை நாள்தான் தர்மச் சோறு சாப்பிடுவது, குருத்வாராவில் பந்தி பரிமாறுகிறவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். ஐந்து வருஷத்துக்குக் கிடைத்த மனிதர் இரண்டு மாதத்தில் கிளம்புகிறார். மகள் சரி என்றாள்.

அன்று நவ்ரூப் வேலையிலிருந்து வந்து, வழக்கம்போல மூன்று பேருக்கு மாவு பிசைந்தாள். அவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தும் தினம் மூன்று பேருக்குத்தான் பிசைவாள்.

"உங்கப்பாகிட்ட இன்னொரு தடவை பேசிப் பாக்கட்டுமா?" என்றான் நிர்வைர்.

"வேண்டாம். உன் பேச்சுக்கு அவர் எழுந்து நின்னதே போதும்."

"பஸ்ல ஏறுறார், முனிசிபாலிட்டித் தண்ணி குடிக்கிறார். ஆனா மருமகன் வீட்டு உப்பு மட்டும்…"

அதோடு நிறுத்தினான். மருமகன் வீடு. அவரைத் தடுத்தது எந்தத் தாத்தாவும் இல்லை, நிர்வைரின் போன் பேச்சு. அந்த வீட்டில் ஔஜ்லா குடும்பத்து உப்பு ஒரு கல் கூடக் கிடையாது. நவ்ரூப் அதை ஒரு வார்த்தையில் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் புருஷன் சிறுத்துப்போவான் என்று, அப்பாவை விமானம் ஏற்றிவிடவே தயாராகிவிட்டாள். இவ்வளவு எளிய சங்கதியைக் கண்டுபிடிக்கத் தனக்கு இரண்டு மாதமும் ஒரு முதுகலைப் பட்டமும் தேவைப்பட்டதே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடும் ஒரு வாரம் சும்மா இருந்தான். உண்மையை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதாகத் தன்னிடம் சொல்லிக்கொண்டான். சொல்லாமலிருக்க வழி தேடினான் என்பதுதான் சரி.

சனிக்கிழமை நவ்ரூப் டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கியதும், அவன் குருத்வாராவுக்குப் போய்ப் பந்தியில் மாமனார் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். காதோடு சொல்லிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் அன்று பரிமாறுகிற சேவைக்கு வந்திருந்த பல்கார் கையில்தான் பருப்பு வாளி இருந்தது.

"பாபு ஜி, அந்த வீடு என்னோடது இல்ல."

"வாடகையா?"

"இல்ல. நவ்ரூப்போடது. பத்திரத்துல அவ பேரு மட்டும்தான். உங்க விசாவும் அவ சம்பளத்துல வந்ததுதான். நான் போன்ல சொன்னதெல்லாம்… சும்மா."

பல்கார் ஒரு கரண்டி பருப்பை ஊற்றினான். நகரவில்லை.

ஹஜாரா சிங் ரொட்டியைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க?"

"நானும் அங்கதான் சாப்பிடுறேன்."

"அதாவது… வீட்டோட மாப்பிள்ளை?"

பஞ்சாபில் ஒரு ஆண்மகனைப் பார்த்து இதைவிட மோசமாக ஒன்றும் கேட்க முடியாது. நிர்வைர் சுற்றிலும் பார்த்தான். வரிசை முழுக்க மெல்வதை நிறுத்தியிருந்தது.

"ஆமா" என்றான்.

"சத்தமா சொல்லுய்யா, அந்தக் கோடியில கேக்கலையாம்" என்றான் பல்கார்.

கிழவர் கணக்குப் பார்க்கிறவர் போல விரல் மடக்கினார். "மாவு?"

"அவளோடது."

"உப்பு, எண்ணெய்?"

"எல்லாம் அவளோடது." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மை என்று வந்துவிட்டால் முழுசாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் மானமும் மிச்சமிருந்தது. "கேஸ் பில் மட்டும் நான் கட்டுறேன்."

"கேஸா?" ஹஜாரா சிங்கின் முகம் விழுந்தது. "அப்ப நெருப்பு உங்களோடது. அதுல வெந்தது எப்படி…"

பல்கார் வாளியைத் தரையில் வைத்துவிட்டான். "டேய், அந்தக் கேஸை விட்டுத் தொலையேன்டா! பெரிய மகாராஜா, கேஸ் கட்டுறாராம்!"

நிர்வைர் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வீட்டில் அவன் பெயருக்கு வருகிற ஒரே காகிதம் அது. "இந்த மாசத்துலேர்ந்து அவளே கட்டுவா" என்றான்.

கிழவர் மடக்கிய விரல்களை விரித்தார். பிறகு அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார், மாட்டைத் தட்டுவதுபோல. "எழுந்திரு. பசியை மிச்சம் வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவோம்." அவர் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல்முறை.

வீட்டில் நவ்ரூப் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்றார். அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு வாசலில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எங்க வெச்சு?"

"பந்தியில. பல்கார் பருப்பு ஊத்திட்டு இருந்தான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் நேரம் தரவில்லை. திரும்பி நின்று ரொட்டியைச் சுட்டுப் போட்டாள். கிழவர் சாப்பிட்டார். ஒன்று முடிவதற்குள் அடுத்தது விழுந்தது. பாராட்டாக ஒரு சொல் வரவில்லை. பருப்பில் உப்பு கொஞ்சம் கம்மி என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு அவள் முகம் அப்படி மலர்ந்து நிர்வைர் பார்த்ததில்லை.

"டிக்கெட்டு, பாபு ஜி?" என்றாள்.

"பனி எப்படித்தான் இருக்குன்னு பாத்துட்டுப் போறேனே." கிழவர் கிண்ணத்தை இழுத்தார். கை நின்றது. "தயிர் யாரு வாங்குனது?"

நிர்வைர் தலையைச் சொறிந்தான். "நான்தான். நேத்து."

ஹஜாரா சிங் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டார். நவ்ரூப் மாவுக் கையோடு பையைத் திறந்து, இருபது டாலர் நோட்டு ஒன்றை எடுத்து, அப்பா பார்க்கும்படியாகவே புருஷனிடம் நீட்டினாள்.

"கொழுப்பு எடுக்காத தயிரா பாத்து வாங்கு" என்றார் மாமனார்.

நிர்வைர் நோட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கழற்றின பூட்ஸை மறுபடி மாட்டினான்.