வாசலுக்கு வந்த தாகம்

கணவருக்கு ஆவடியில் வேலை கிடைத்து, விருதுநகரிலிருந்து முத்தாபுதுப்பேட்டைக்குக் குடிவந்த முதல் கோடை. தினமும் மத்தியானம் ஒரு பசு வாசலுக்கு வந்து, நான் பிடித்து வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும். ஒருநாள் ஆத்திரத்தில் துடைப்பத்தோடு வெளியே போனேன். இரண்டு வாளித் தண்ணீரையும் மூச்சுவிடாமல் உறிஞ்சிவிட்டு அது என்னை நிமிர்ந்து பார்த்தது. அடிக்க மனம் வரவில்லை. இன்னொரு வாளி வைத்தேன்.

பசுவைத் தேடிக்கொண்டு தெருக்கோடியில் மாடு வைத்திருக்கும் ஏழுமலை வந்தார்.

"புண்ணாக்கு, தவிடு எல்லாம் நல்லாத்தான் துன்னுது. பால்தான் கொறஞ்சிகினே வருது. வித்துடப் போறேம்மா," என்றார்.

"தண்ணி எப்பண்ணே வைப்பீங்க?"

"காலீல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா."

"இந்த வெயிலுக்கு அது காணுமா? தண்ணி இல்லாம பால் எப்படிச் சுரக்கும்? விக்கிறதுக்கு முன்னாடி, நாள் முழுக்க நிழல்ல ஒரு தொட்டி நிறைய வச்சுப் பாருங்களேன்."

அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு பசு வரவில்லை. விற்றுவிட்டார் என்றே நினைத்து வருந்தினேன்.

சில நாள் கழித்து, தூக்குவாளி நிறையப் பாலோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாடு ஊட்லதான் கீது. பாலும் ஏறிடுச்சு. இனிமே பால்ல தண்ணி கலக்குறியான்னு யார்னா கேட்டா, ஆமா, மாட்டு வாய் வழியா கலக்குறேன்னு சொல்லிடுவேன்."

வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இப்போதெல்லாம் வெயிலில் யார் வந்து கதவைத் தட்டினாலும், என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன் தண்ணீரைத்தான் நீட்டுகிறேன்.