பின்சுவருக்குள் ஒளிந்திருந்த வீடு

கோசலா சுவிஸ் மலைப்பக்கத்து எங்கடினுக்கு வந்து இருபத்தெட்டு வருசம். அந்த ஊர் ஹோட்டல் குசினியில் அவள் கழுவிய கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினால், பேர்னினா மலை வெட்கத்தில் குந்திவிடும். அப்படிப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

குசினியை இடிப்பதா விடுவதா என்று அன்றைக்கு முடிவு. இடித்தால் அந்த இடத்தில் முதலாளியம்மா நீராவிக் குளியலறை கட்டுவா. சாப்பாடு பெட்டிகளில் வந்து இறங்கும். ஐம்பத்தேழு வயதில் கோசலாவை வேறு எந்தக் குசினி கூப்பிடும்?

எந்தக் கட்டடம் காக்கப்பட வேண்டிய பழமை என்று அரசாங்கத்துக்காகப் பார்த்துச் சொல்பவர் கடுஃப். அவர் வரைபடத்தைச் சுருட்டினார்.

"ஹோட்டல் 1897. குசினி 1931இல் ஒட்டிக் கட்டியது. இதில் காக்க ஒன்றுமில்லை."

"பிழை," என்றாள் கோசலா.

சமையற்காரன் யேசுதாசனின் கரண்டி நிலத்தில் விழுந்தது. "கோசலாக்கா, மனுசன் அதைத்தானே படிச்சிட்டு வந்திருக்கிறார்!"

"நானும் இருபத்தெட்டு வருசமா இஞ்சைதானே தோசைக்கு மா கரைச்சு வைக்கிறன்!"

நாலு சொல் ஜெர்மனும் நாற்பது கையசைவுமாக அவள் கடுஃபைப் பின்சுவருக்கு இழுத்துப்போனாள். தை மாதத்தில் மற்றச் சுவர்களோடு வைத்த மா மூன்று நாளானாலும் கல்லுப்போலக் கிடக்கும். இந்த இடத்தில் வைத்தால் விடியுமுன்னே பொங்கிவிடும். ஒருமுறை அது மூடியைத் தள்ளிவிட்டு வரவேற்பறைக்குப் போய் அறை கேட்டதாம், யேசுதாசனே சாட்சி.

"தொட்டுப் பாருங்கோ. கொதிகலனின்ரை புகைபோக்கி எங்கையிருக்கு?"

"வரைபடத்தில் அந்தப் பக்கம்."

"அப்ப இந்தச் சூடு எங்கையிருந்து வருது?"

கடுஃப் பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். சுவரைத் தட்டினார். டொக், டொக், பிறகு... டொம்!

ஒரு சின்னத் துளை போட்டு, கம்பி நுனிக் கமராவை உள்ளே விட்டார். மூன்று தலைகளும் திரையில் முட்டின. கரி படிந்த வளைகூரை. ஒரு கன்றுக்குட்டி படுக்கக்கூடிய ரொட்டிச் சூளை. அதன் பழைய புகைவழிக்குள்ளேயே கொதிகலனின் குழாயை யாரோ நைசாகச் செருகியிருந்தார்கள். சூளை வாயின் மேற்கல்லில் செதுக்கிய ஆண்டு 1649!

"ஒட்டிக் கட்டவில்லை, பழைய வீட்டை மூடியிருக்கிறார்கள்!" என்று கடுஃப் கத்திக்கொண்டே ஓடினார். ஈர ஏப்ரனோடு கோசலாவும் பின்னால். வரவேற்பறையின் பெரிய வளைவைக் காட்டினார். "இதற்குள்ளால்தான் வைக்கோல் வண்டி போயிருக்கிறது!"

"அதுதானே, ஆனை போற அகலம்!"

பனிச்சறுக்குப் பலகை வைக்கும் அறைக்கு இறங்கினார்கள். "இது மாட்டுத்தொழுவம்!"

"ஐயோ, அதுதான் மழைக்கு மணக்கிறதோ! நான் யேசுதாசனையெல்லோ ஏசினனான்!"

வயலும் மாடுமாய் வாழ்ந்த ஒரு கமக்காரனின் வீட்டை அப்படியே விழுங்கிவிட்டுத்தான் அந்த ஹோட்டல் நூற்றுச் சொச்சம் வருசமாக ஒன்றும் தெரியாததுபோல நின்றிருக்கிறது.

குசினிக்குத் திரும்பியதும் கடுஃப் மூச்சுவாங்க முதலாளியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "இடிக்க முடியாது. ஆணிகூட அடிக்கக்கூடாது. முன்னூற்றெழுபது வருசத்துக்கு மேலாக இது குசினி, குசினியாகவே இருக்கும்."

கோசலா மா மூட்டைமேல் தொப்பென்று குந்தினாள்.

"அக்கா," என்றான் யேசுதாசன், "இனி உங்களையும் ஒருத்தரும் இடிக்கேலாது. நீங்களும் காக்கப்பட்ட பழசு."

"பழசு உன்ரை மூஞ்சை! நாற்பது பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகினம், அடுப்பைப் பத்த வையடா!"