கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ராடு

என் அம்மா வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவாள், ஒரு மாதம் இருப்பாள், போய்விடுவாள். மீதி நாளெல்லாம் ஆவடி குவார்ட்டர்ஸில் நானும் அப்பாவும்தான். அப்பா திருநெல்வேலிக்காரர், பேச்சு குறைவு. பேசினாலும் தொழிற்சாலையைப் பற்றித்தான். ராணுவ வண்டிகளின் அச்சில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியைப் பூட்டும் இடத்தில் அவருக்கு வேலை. சோறு பிசைந்துகொண்டே பல்சக்கரங்களைப் பற்றிச் சொல்வார், நான் தலையாட்டுவேன். அப்புறம் தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன் என்பதே எனக்கு அம்மா வந்துபோகிற சமயங்களில்தான் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, நல்ல மழைக்காலத்தில் அம்மாவின் லீவு முடிந்தது. அன்றைய விமானத்தை விட்டால் வேலையும் போய்விடும் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்சி எதுவும் வர மறுத்துவிட்டதால் அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, நசரத்பேட்டையிலிருந்து தன் ஜீப்போடு வந்து இறங்கினார். ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்து, அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

"நாலு சக்கரமும் இழுக்கற வண்டி மச்சான். ஏரில உட்டாலும் கரை ஏறிக்கினு வரும்" என்று அப்பாவிடம் சொல்லி, சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தார். நாலும் எந்நேரமும் தானாக இழுத்துக்கொண்டிருப்பதாக நம்பித்தான் மாமா அதைப் பூந்தமல்லி கடைத்தெருவில் ஓட்டிவந்தார். கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ராடு எதற்கென்று அவர் யாரையும் கேட்டதில்லை. அதில் ஒரு மஞ்சள் பையை மாட்டி வைத்திருந்தார்.

பருத்திப்பட்டில் ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறியிருந்தது. அப்பா பக்கத்து மண்பாதையில் திருப்பினார். கொஞ்ச தூரம் போனதும் ஜீப்பின் பின்பக்கம் வலதுபுறமாக இறங்கி நின்றுவிட்டது. அப்பா ஆக்சிலேட்டரை அழுத்தினார். சேற்றில் இருந்த வலது பின்சக்கரம் மட்டும் வெறிபிடித்த மாதிரி சுற்றியது. கெட்டித் தரையில் இருந்த இடது பின்சக்கரம் சும்மா நின்றது.

டிஃபரன்ஷியலின் சுபாவமே அதுதான். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்தது குறைவாக ஓடினால் போதும். இரண்டையும் அதனதன் போக்கில் விட்டுக்கொடுப்பது அதன் வேலை. சேற்றில் அந்த நல்ல குணமே வினையாகிவிடும். இழுக்கும் பலத்தை இரண்டுக்கும் சமமாகத்தான் கொடுக்கும். ஒரு பிள்ளை அரைக் கரண்டிக்கு மேல் வேண்டாம் என்றால் பசியோடிருக்கிற மற்றதுக்கும் அதே அரைக் கரண்டி. வழுக்குகிற சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை என்பதால், தரையில் நிற்பதற்கும் பலம் வராது. முன்சக்கரங்களையும் இழுக்க வைத்தால்தான் வண்டி அசையும். இதையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வண்டி நகரவில்லை என்பது மட்டும்.

மாமா இறங்கிப் பின்னால் தள்ளினார். சக்கரம் வாரி இறைத்த சேறு அவர் வேட்டியிலிருந்து மீசை வரை அப்பியது. "ஏ பொண்ணு, இந்தப் பக்கமா வந்து குந்து, வெயிட்டு ஏறட்டும்" என்று என்னை வலதுபுறம் உட்கார வைத்தார். என் கனத்துக்கு ஜீப் மசியுமா. நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, மாதாவே இந்தச் சக்கரம் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டினேன். அம்மா போகக் கூடாது என்று நினைக்கிற ஆள் அந்த வண்டியில் நான் ஒருத்திதான் என்பது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

அப்பா மறுபடி அழுத்தினார். மறுபடி அதே சக்கரம் சுற்றியது. அவர் கையைப் பிசையவில்லை, இறங்கியும் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தபடி அழுத்துவார், விடுவார், அழுத்துவார். மாமா மூச்சு வாங்கி ஓரமாக நின்றுவிட்டார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க, அந்தச் சின்ன ராட போடுங்க. நேரம் ஆவுது."

"இன்னா ராடு?" என்றார் மாமா.

"முன்சக்கரத்துக்குண்ணா. சாப்புடும்போதெல்லாம் இவரு இதத்தானே சொல்லிகினு இருப்பாரு."

அப்பா மஞ்சள் பையைக் கழற்றி அம்மா மடியில் வைத்தார். ராடைப் போட்டார். இப்போது முன்னாலும் ஒரு சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்தது. அவர் யோசிக்கவே இல்லை. கிளச்சை விட்ட காலைப் பிரேக்கில் வைத்து லேசாக அழுத்தியபடி ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். வீணாகச் சுற்றியவை அடங்கின, சும்மா நின்றவை மண்ணைக் கவ்வின. ஜீப் மேலே ஏறிவிட்டது. மாமா ஓடிவந்து தொற்றிக்கொண்டு, தன் வண்டியின் பெருமையை மீனம்பாக்கம் வரைக்கும் பேசினார்.

எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. போவதற்கு இவளுக்குத்தான் எவ்வளவு அவசரம் என்று நினைத்து நினைத்து அழுதேன். அவள் திரும்பவில்லை. ஒன்றுமில்லாத அந்த மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

சாயங்காலம் மாமாவை நசரத்பேட்டையில் இறக்கிவிட்டு, ஜீப்பை அப்புறம் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி, நானும் அப்பாவும் அதிலேயே திரும்பினோம். முன்சீட்டு எனக்கு மிகவும் பெரிதாக இருந்தது. அதே மண்பாதை வந்தது. சேற்றுக்கு முன்பாகவே அப்பா வண்டியை நிறுத்தி, ராடைப் போட்டுவிட்டு ஓட்டினார். சிமென்ட் ரோட்டில் போவதுபோல் தாண்டிவிட்டோம்.

"போம்போதே இதப் போட்டிருக்கலாம்லப்பா?"

அவர் ராடைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். "மறந்துட்டேம்மா" என்றார்.

தினமும் வேலை நேரம் முழுக்க அதையே பூட்டுகிற மனிதர் மறந்துவிட்டதாகச் சொன்னார், நானும் நம்பினேன். ஞாபக சக்திக்கு வல்லாரை நல்லது என்று டீச்சர் சொல்லியிருந்ததை அவருக்கு எடுத்துச் சொன்னேன். சரிம்மா என்றார். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது நிஜமாகவே ஒரு கட்டு வாங்கி வந்தார். துவையல் அரைக்க இரண்டு பேருக்கும் தெரியாது. எதிரெதிரே உட்கார்ந்து பச்சையாகவே மென்று தின்றோம். கசந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், கசப்பினால்தான் என்று நான் அவருக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுத்தேன்.