உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்

மாணவர்களுக்கு முழுச் சுதந்திரம் கொடுக்கும் ஆசிரியை என்று எங்கள் தமிழ்ப்பள்ளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதும் பெரும்பாலும் நானேதான். கணினிப் படைப்பு செய்யச் சொல்லும்போதெல்லாம், "உங்க விருப்பம்போல செய்ங்க லா, டீச்சர் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்வேன். முதல் பக்கத்தில் வணக்கம், கடைசிப் பக்கத்தில் நன்றி. பின்னணி வெளிர்நீலமாக இருந்தால் கண்ணுக்கு நல்லது. கருப்பு வேண்டாம், சாவு வீடு மாதிரி இருக்கும். இதெல்லாம் கட்டளை இல்லை, வெறும் யோசனை. வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும் எப்படியோ ஒரே யோசனைக்கு வந்து சேர்வார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி மட்டும் வந்து சேரவில்லை. அவள் அப்பா பண்டார் தெங்காரா பக்கத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அந்த லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து நான்கு நிமிடம் சாலையைப் படம் பிடித்திருந்தாள். பேச்சே கிடையாது. எஞ்சின் சத்தமும் அப்பாவின் இருமலும்தான். மாவட்டப் போட்டிக்கு அனுப்புமுன் நான் கொஞ்சம் சரிசெய்தேன். இருமலை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்தேன். வணக்கமும் சேர்த்தேன். மூன்றாம் பரிசு கிடைத்தது. அவளோ சான்றிதழை என் மேசைமேல் வைத்து, "இது உங்களுது டீச்சர்" என்றாள். பணிவான பிள்ளை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இந்த ஆண்டு அவள் ஒரு கணினி விளையாட்டு செய்து கொண்டுவந்தாள். அதில் ஒரு மாணவி படைப்பு செய்கிறாள், விளையாடுபவர் அவளுக்கு உதவ வேண்டும். வகுப்பே சூழ்ந்து நிற்க, நான் விளையாட உட்கார்ந்தேன். கருப்புப் பின்னணியைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் ஒரு டீச்சர் தோன்றி, "நல்லாருக்குமா, ஆனா..." என்றார். ஆட்டத்தில் எனக்கிருந்த ஓர் உயிர் போனது. வெளிர்நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன். "நல்லாருக்குமா, ஆனா..." இன்னோர் உயிர். அந்த டீச்சரும் என்னைப்போலவே மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

மூன்று முறை தோற்றேன். "இதுல எப்படிமா ஜெயிக்கிறது?"

"கீழ ஒரு பட்டன் இருக்குல்ல, 'மவுஸ டீச்சர்கிட்ட குடு'ன்னு. அத அமுக்கிட்டா அவங்களே எல்லாம் செஞ்சிருவாங்க. பரிசும் வந்துரும்."

அமுக்கினேன். பட்டாசு வெடித்தது, சான்றிதழ் வந்தது. அந்த மாணவி மட்டும் திரையில் இல்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பின்னணிக்கு என்ன நிறம் வைத்திருந்தால் எடுப்பாக இருக்கும் என்ற நினைப்பு அடுத்து வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, ஆனால் வந்தது போகவில்லை.

"இத போட்டிக்கு அனுப்புவீங்களா டீச்சர்?"

"அனுப்புறேன்."

"இப்படியேவா?"

"இப்படியே."

மணி அடித்தது. மற்றவர்கள் கேன்டீனுக்கு ஓடினார்கள். நான் மின்னஞ்சலைத் திறந்தேன். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

"நீ போய் சாப்பிடுமா. நான் அனுப்பிடுறேன்."

"பரவால்ல டீச்சர். நீங்க அனுப்புங்க. நான் நிக்கிறேன்."

அனுப்பி முடிக்கும்வரை அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.