மாஹேவும் நம்ம ஸ்டேட்டுதான்

எங்கள் ஊரின் வரைபடத்தைப் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் வரைந்த பிள்ளை ஒருத்தியைக்கூட என் ஆசிரியப் பணியில் நான் பார்த்ததில்லை. மற்ற இடங்களுக்கு ஓர் எல்லைக்கோடு இருக்கும்; எங்கே தொடங்கினாலும் சுற்றி வந்து சேர்ந்துவிடும். புதுச்சேரிக்கு அது நடக்காது. மேற்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வரும், பிறகு மறுபடியும் புதுச்சேரி வரும், கண்ணயர்ந்து விழித்தால் திரும்பவும் தமிழ்நாடு. பிள்ளையாருக்குச் சூறைத் தேங்காய் உடைத்த மாதிரி சில்லு சில்லாகக் கிடக்கும். அது போதாதென்று தெற்கே காரைக்கால், ஆந்திராவுக்குள் கோதாவரிக் கரையில் ஏனாம், கேரளாவுக்குள் அரபிக்கடல் ஓரம் மாஹே. பிரெஞ்சுக்காரன் எங்கெங்கே கடை விரித்தானோ அங்கெல்லாம் எங்களுக்கு ஒரு துண்டு உண்டு.

எழுபதுகளின் பின்பாதியில் நான் டவுனில் ஒரு பெண்கள் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் இந்தியாவை மாட்டிவிட்டு, "இந்தியா என்பது மாநிலங்களின் ஒன்றியம்" என்று கம்பீரமாகத்தான் ஆரம்பிப்பேன். "நாம எந்த மாநிலம் டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். வந்தது வினை. நாம் மாநிலமே இல்லை, யூனியன் பிரதேசம். சட்டசபை உண்டு, முதலமைச்சர் உண்டு, ஆனால் கடிவாளம் டெல்லியில் இருக்கிறது என்று விளக்க வேண்டும். அது முடிந்ததும் இன்னொருத்தி எழுந்து, "மாஹே ஏன் டீச்சர் அவ்ளோ தூரத்துல போயி விழுந்துச்சு?" என்பாள். யாராவது "பாண்டிச்சேரி ஸ்டேட்" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வீட்டில் அப்பாவைக்கூட விட்டதில்லை. "ஸ்டேட்டு இல்லப்பா, யூனியன் டெரிட்டரி" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துத் திருத்தியிருக்கிறேன்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. ஆலைச் சங்கத்தில் முக்கியமான ஆள். ஆலை வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றால் மைக் வேண்டாம். சாதியாவது மண்ணாங்கட்டியாவது என்று அவர் பேசி நானே கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசியவர் எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சாதியை வாய்விட்டுக் கேட்க முடியாமல் நெளிவார். அதனால் வேலிக்கு வேறு கம்பி கண்டுபிடித்து வைத்திருந்தார். "வெளி ஸ்டேட்டுல பொண்ணு குடுக்கறதில்ல" என்பார். கடலூரிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. சைக்கிளில் போனால்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். "கடலூரு வேற ஸ்டேட்டாச்சே! பாப்பா நம்ம கவர்மெண்ட் வேலய விட்டுட்டு அங்க போயி இன்னா பண்ணும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. என் மனசு அதற்குள் வேறு இடத்தில் இருந்தது.

அவர் எங்கள் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார். மாஹேக்காரர். எங்கள் அரசாங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களை நான்கு துண்டுகளில் எதில் வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். அவரை இங்கே போட்டிருந்தார்கள். மெலிந்த ஆள், எப்போதும் கையில் குடை. வெயிலுக்குக் குடை பிடிக்கிற ஆம்பிளையை எங்கள் ஸ்டாஃப் ரூம் அதுவரை பார்த்ததில்லை, சிரியோ சிரியென்று சிரித்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடித்துப்போனது. தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்து என்னிடம் அர்த்தம் கேட்பார். மாஹேயில் அவருடைய அம்மா தனியாக இருந்தார்கள். என்றைக்கிருந்தாலும் மாற்றல் வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவரைக் கட்டிக்கொண்டால் நானும் போக வேண்டும். அப்பாவின் சம்மதம் இல்லாமல் தாலி கட்டிக்கொள்ளும் துணிச்சல் எனக்குக் கிடையாது. அவரை விட்டுவிடவும் மனசு இல்லை. தூக்கம் கெட்டுப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம், கக்கத்தில் குடை, நெற்றியெல்லாம் வேர்வை. என்ன பேச வேண்டும் என்று வாரம் முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா நாற்காலி போட்டு, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். இவர் சட்டென்று எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, எனிக்கு ஒரு அவசரம் தரணும்" என்றார்.

அப்பா பதறிவிட்டார். விருந்தாளிக்கு அவசரம் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். "இதுக்கென்னா தம்பி கூச்சம்! வாங்க, வாங்க" என்று தோளைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், தானே சொம்பில் தண்ணீர் மொண்டு கையில் கொடுத்து, கதவைக் காட்டிவிட்டு நாகரிகமாக உள்ளே வந்துவிட்டார். இவரோ, பெண் கேட்க வந்தவன் கால் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்பது தமிழர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, கால் கை முகமெல்லாம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். வந்து அதே இடத்தில் நின்று அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். "ஐயா, எனிக்கு ஒரு அவசரம் தரணும்."

"மறுபடியுமா?" என்றார் அப்பா. "ஒடம்புக்கு சொகமில்லயா தம்பி? வர்ற வழியில எங்கனா சாப்ட்டிங்களா?" அம்மா அதற்குள் அடுப்பில் ஓமத்தண்ணீர் வைத்துவிட்டாள். சுடச்சுட டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். மறுக்காமல் முழுவதையும் குடித்தார் மனிதர். நான் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் கண்ணீர் வரும் போலிருந்ததைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது. வெளியே வந்து, என்ன கேட்க வந்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன். "சான்ஸ்! ஒரு சான்ஸ்!" என்றார்.

"சான்ஸா? அத மொதல்லயே தமிழ்ல சொல்லக்கூடாதா?" என்றார் அப்பா.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பின்னால் ஏனாமிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் சொன்னாள், அவர்கள் தெலுங்கில் அதற்குத் தேவை என்று பொருளாம். ஒரே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிற எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சொல், மூன்று அர்த்தம். இதை எந்தப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்?

என்ன சான்ஸ் என்பது புரிந்ததும் அப்பா முகம் மாறியது. எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார். "தம்பி தங்கமான புள்ளதான். ஆனா வெளி ஸ்டேட்டுல..."

"மாஹே வெளி ஸ்டேட்டு இல்லப்பா" என்றேன். "கடலூருதான் வெளி ஸ்டேட்டு, நீங்கதான சொன்னீங்க. மாஹே நம்முது. ஒரே சட்டசபை, ஒரே முதலமைச்சரு. மாஹேவும் நம்ம ஸ்டேட்டுதான்."

அப்பா சங்கத்தில் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர், சும்மா விடுவாரா? "ஸ்டேட்டா? ஸ்டேட்டுன்னு சொன்னாலே என்மேல எரிஞ்சு விழுவியே, யூனியன் டெரிட்டரின்னு? இன்னிக்கு மட்டும் எப்டி ஸ்டேட்டாச்சு?" என்றார். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவர் பாவம், எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "ஸ்டேட்டு கெடக்குது பாப்பா. உனக்கு ஒரு காய்ச்சல் தலவலின்னா நான் எப்டி வருவேன்? எத்தன பஸ்ஸு ஏறணும், எங்க எறங்கணும், யார கேக்கணும்? ஒண்ணுமே தெரியாதே எனக்கு." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குடையை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆயுதபூஜைக்கு ஆலை விடுமுறை விட்டது. சட்டைப்பையில் பிரெஞ்சு வாத்தியாரிடம் கேட்டு வாங்கிய விலாசத்தோடு, மஞ்சள் பையில் ஒரு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அப்பா கிளம்பினார். "எங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "நம்ம ஸ்டேட்டதான் பாத்துட்டு வர்றேன்" என்றார்.

அப்பாவுக்கு விழுப்புரம் தாண்டிப் பழக்கமில்லை. விழுப்புரம், சேலம், அங்கிருந்து ரயில். பாலக்காடு தாண்டியதும் போர்டில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லையாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பார்த்து "மாஹேவா? மாஹேவா?" என்று கேட்டு, பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் அவரை இறக்கிவிடுவதையே வேலையாக எடுத்துக்கொண்டார்களாம். இறங்கினால் கொட்டுகிற மழை. எந்தப் பக்கம் போவது என்று திகைத்து நின்றபோது, ரோட்டோரக் கடை வாசலில் ஒரு போலீஸ்காரர் ஒதுங்கி நின்றிருக்கிறார். தலையில் சிவப்புத் தொப்பி. பாண்டியில் நேரு வீதி முனையில் நிற்கிறவர் போட்டிருப்பாரே, அதே உயரத் தொப்பி. இந்தியா முழுவதும் தேடினாலும் எங்கள் போலீசைத் தவிர வேறு எவர் தலையிலும் அதைப் பார்க்க முடியாது.

"அந்தத் தொப்பியப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு பாப்பா" என்றார் அப்பா. போலீஸ்காரர் அரியாங்குப்பத்து ஆள், மாற்றலில் வந்து மாட்டிக்கொண்டவர். அப்பாவின் தமிழைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்து, விலாசத்து வீடு வரைக்கும் தன் குடையிலேயே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாத்தியாருடைய அம்மா கஞ்சியும் மீன் வறுவலும் போட்டார்களாம். பாதி புரிந்தது, பாதி சிரித்துச் சமாளித்தார்களாம். வரும்போது அப்பா போலீஸ்காரரிடம், "இங்க பொண்ணு குடுக்கலாமாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "தாராளமா குடுங்கண்ணே. எனக்கும் வாய்நெறையப் பேச ஊர்க்காரங்க வேணும்" என்றாராம் அவர்.

இதையெல்லாம் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து, அம்மா கொண்டுவந்த வெந்நீரில் வீங்கின காலை வைத்துக்கொண்டு சொன்னார். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. நான் பொறுக்க முடியாமல், "ரொம்பத் தூரமாப்பா?" என்று கேட்டேன்.

"தூரந்தான் பாப்பா" என்றார். "ஆனா எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு."