சொக்கம்மாள் இடித்த நாவல்கொட்டைப் பொடி

சொக்கம்மாளுக்கு எங்கெங்கே வலி என்று கேட்பதைவிட வலிக்காத இடம் எது என்று கேட்பது சுலபம். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாகத் திருவொற்றியூர் குப்பத்தில் கருவாடு காயவைத்து, கூடையில் சுமந்து விற்றவள். 2003 ஆடியில், புருஷன் செல்வத்துக்குச் சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பும் இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். அன்றிலிருந்து வலி பிடித்த அவள் உடம்புக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு நாவல் மரம். குப்பத்துக்காரர்களுக்கு அதுதான் மருந்துக் கடை. வாய்ப்புண்ணுக்குப் பட்டைக் கஷாயம், பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால் கொழுந்தை அரைத்து மோரில், சர்க்கரைக்குக் கொட்டைப் பொடி. தின்றவர்கள் துப்பிய கொட்டையைக்கூட விடாமல் பொறுக்கினாள் சொக்கம்மாள். கழுவி, காயவைத்து, உரலில் இடித்துச் சலித்து, வேளைக்கு ஒரு கரண்டி மோரில் கலந்து கொடுத்தாள். மாத்திரையையும் நிறுத்தவில்லை. அதிலெல்லாம் விவரமானவள்.

டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னதால் குழம்பில் உப்பில்லை. கருவாட்டுக்காரி வீட்டுச் சட்டியில் கருவாடே இல்லை என்றால் எவன் நம்புவான்? செல்வம் தினமும் தட்டைத் தள்ளினான். "இன்னாமே இது, மனுசன் துன்றதா?" பொடியை மட்டும் மறுபேச்சில்லாமல் குடித்தான். மூன்று வேளை போதாதென்று நாலாவதும் கேட்டான். அந்த ஒன்றில்தான் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

மூன்றே மாதத்தில் அவன் கால் வீங்கிவிட்டது. கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. இப்படியே விட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டரம்மா அதட்டினார்.

"ஒரு கல்லு உப்புகூட போடலம்மா, சாமி சத்தியமா!" சொக்கம்மாள் அழுதேவிட்டாள். பாவம், பொய் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

வேறென்ன கொடுக்கிறாய் என்று நர்ஸ் ஜெரினா கேட்க, மடியிலிருந்த பொட்டலத்தை நீட்டினாள். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்த ஜெரினா முகம் சுளித்தாள்.

"இன்னாக்கா, இதுல இம்மாம் உப்பு கீது?"

"பின்ன? காய வைக்கிற சாமானுக்கு உப்பு போடாம எப்டிம்மா? கடக்காத்துல புழு வச்சிடாது? படிக்கு ரெண்டு கை போட்டு..."

பாதியிலேயே அவளுக்குப் புரிந்தது. முப்பது வருஷப் பழக்கம். கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் அவனைக் கேட்டாள். "ஏய்யா, உப்பு கரிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நானே உன்னக் கொல்லப் பாத்துகினு இருந்தேனே!"

செல்வம் வீங்கிய காலைத் தடவிக்கொண்டான். "மொத நாளே தெரியும்மே. சொன்னா நிறுத்திடுவ. வாய்க்கு ருசியா கெடச்சது அது ஒண்ணுதான்."

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. பொட்டலத்தைப் பிரித்து ரோட்டோரச் சாக்கடையில் கொட்டினாள். கடைசித் தூள் விழும்வரை செல்வம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.